ராஜா சாகும் நாளுக்கு ஆயத்தம்: குருசேடர் கிங்ஸ் 3இல் இரண்டாம் படி

இடைக்கால அரச வம்சம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக நடத்தும் கணினி கேமான குருசேடர் கிங்ஸ் 3இல் முதல் படி எல்லோருக்கும் ஒன்றுதான். ஸ்பேஸ் பாரை அழுத்தி நேரத்தை நிறுத்தப் பழகுவது, மகனுக்குப் பெண் தேடுவது, பக்கத்துக் கவுண்டி (சிறிய நிலப்பிரிவு) மேல் ஒரு கிளெயிமை (உரிமைக் கோரிக்கையை) உண்டாக்கிப் படை கூட்டிப் பிடிப்பது. இவ்வளவும் கைவந்த பிறகும் பெரும்பாலோர் ஒரே இடத்தில் வழுக்கி விழுகிறார்கள். நாற்பது வருடம் சேர்த்த நாடு, ராஜா கண்ணை மூடிய மறுநாள் மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. அண்ணன் தம்பிமார் சண்டை, பெட்டியில் காசில்லை, கூட இருந்த சிற்றரசர்கள் ஆளுக்கொரு பக்கம். பலர் அந்த இடத்திலேயே புது ஆட்டம் தொடங்கிவிடுவார்கள்.

கீழே உள்ளதெல்லாம் அந்த ஒரு நாளைக் குறிவைத்து எழுதியது. கேமில் தமிழ் இல்லை. ஆகவே திரையில் நீங்கள் காணும் பெயர்களையே தமிழ் எழுத்தில் தருகிறோம். வஸல் என்பதற்கு மட்டும் சிற்றரசர் என்றே எழுதுகிறோம். பாரடொக்ஸ் நிறுவனம் இதை 2020 செப்டம்பர் 1 அன்று வெளியிட்டது. அதன்பின் வந்த கூடுதல் தொகுப்புகள் நிறைய. இங்கே சொல்வதற்கு அவை எதுவும் வேண்டாம். அடிப்படை கேம் போதும்.

முதலில் கரண்ட்

சித்திரையிலும் ஐப்பசியிலும் மலைநாட்டில் பின்னேரம் இரண்டு மணிக்குமேல் இடி இறங்காத நாள் குறைவு. டெஸ்க்டொப்பில் ஆடுகிறவர்கள் யூபிஎஸ் இல்லாமல் அயர்ன்மேன் முறையைத் தொடவேண்டாம். அதில் ஒரே ஒரு சேவ் கோப்புதான் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் அது பழுதானால் திரும்பிப்போக வழியில்லை. பழகும் காலத்தில் சாதாரண முறையே நல்லது. செட்டிங்ஸில் ஓட்டோசேவ் இடைவெளியைக் குறைத்து வையுங்கள். போர் அறிவிக்க முன்னர் ஒன்று, ராஜாவின் உடல்நிலை மோசமானதும் ஒன்று என்று கையாலும் சேவ் பண்ணுங்கள். அந்த இரண்டாவது சேவ்தான் உங்கள் பாடப்புத்தகம். அதே மரணத்தை நான்கு விதமாக ஆயத்தம் பண்ணி ஓடவிட்டுப் பார்க்கலாம்.

இரவு டேட்டாவில் இறக்குகிறவர்கள் ஸ்டீமின் டவுன்லோட் பகுதியில் அப்டேட் நேரத்தை நள்ளிரவுக்குப் பின் என்று குறித்துவிடலாம். பாதி ஆட்டத்தில் பெரிய அப்டேட் வந்து பழைய சேவ் சரியாக ஓடாவிட்டால், ஸ்டீமில் கேமின் பெயரில் வலது கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸ், பீட்டாஸ் என்று போய்ப் பழைய பதிப்பைத் தெரிவு செய்யலாம். ஆட்டம் முடிந்ததும் திரும்பப் புதியதற்கு மாறுங்கள்.

ஏழு பேர்ச் காணியும் மூன்று பிள்ளைகளும்

தோட்டத்தில் ஏழு பேர்ச் காணி கிடைத்த குடும்பத்தில் மூன்று ஆண்பிள்ளைகள் இருந்தால் அடுத்த தலைமுறையில் என்ன ஆகும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. பார்டிஷன் வாரிசு முறை அதேதான். ஆட்டத்தின் முதல் பாதி முழுக்க இந்த முறைக்குள்தான் இருக்கப்போகிறீர்கள்.

இதில் மூன்று வகை. மிக மோசமானது கொன்ஃபெடரேட் பார்டிஷன். அது உங்கள் கையில் இருக்கும் டைட்டில்களை, அதாவது பட்டங்களை, பிரிப்பதோடு நிற்காது. நீங்கள் இன்னும் உருவாக்காத, ஆனால் உருவாக்கப் போதிய நிலம் உள்ள, உங்கள் முதன்மைப் பட்டத்துக்குச் சமமான பட்டங்களையும் சாகும் நேரத்தில் தானே உருவாக்கி இளையவர்களிடம் கொடுத்துவிடும். "இரண்டாவது கிங்டத்தை நான் உருவாக்கவே இல்லையே, எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்கு விடை இதுதான். அடுத்தது வெறும் பார்டிஷன்: இருப்பதைப் பிரிக்கும், இல்லாததை உண்டாக்காது. மூன்றாவது ஹை பார்டிஷன்: மூத்தவருக்குக் குறைந்தது பாதி போகும். எல்லாமே ஒருவருக்குப் போகும் பிரைமோஜெனிச்சர் இவற்றுக்கெல்லாம் பிறகு.

இவை உங்கள் விருப்பத்துக்குத் திறப்பதில்லை. கலாசாரத்தின் கண்டுபிடிப்புகளோடு கட்டுண்டவை. பார்டிஷனுக்கு ஹெரெடிட்டரி ரூல் என்ற இன்னோவேஷன் வேண்டும். ஹை பார்டிஷனுக்கு ஹெரால்ட்ரி. கடைசியானதற்குப் பிரைமோஜெனிச்சர் என்ற அதே பெயரில் ஒன்று. முதலாவது ஏர்லி மெடீவல் காலத்தது. அந்தக் காலம் 900க்கு முன் திறக்காது. இரண்டாவதற்கு 1050, மூன்றாவதற்கு 1200. கேமின் தொடக்க ஆண்டுகளில் ஒன்றான 867இல் தொடங்கினால் முந்நூறு வருடத்துக்குமேல் காணி பிரிந்துகொண்டே இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கலாசாரத் தலைவர் நீங்களாக இருந்தால், எந்த இன்னோவேஷனை வேகப்படுத்துவது என்ற தெரிவு உங்கள் கையில். அதை மறந்து ஐம்பது வருடம் அப்படியே விடுகிறவர்கள் ஏராளம்.

இனி ஒரு கணக்கு. பல கவுண்டி சேர்ந்தது டச்சி, பல டச்சி சேர்ந்தது கிங்டம். உங்களிடம் ஒரு கிங்டம், இரண்டு டச்சி, ஐந்து கவுண்டி. பிள்ளைகள் மூன்று. தலைநகர் இருக்கும் டச்சியில் மூன்று கவுண்டி, மற்ற டச்சியில் இரண்டு. மூத்தவருக்குக் கிங்டமும் தலைநகரும் தலைநகர் டச்சியும் போகும். இரண்டாமவர் அடுத்த டச்சியையும் அதன் கவுண்டிகளையும் எடுப்பார். மூன்றாமவருக்கு மிச்சத்திலிருந்து ஒரு கவுண்டி. தம்பிமார் இருவரும் அண்ணனின் சிற்றரசர்களாக இருப்பார்கள். நாடு உடையாது, ஆனால் அண்ணனின் சொந்த வருமானம் பாதியாகிவிடும். இதே ஆளிடம் கிங்டம் இல்லாமல் இரண்டு டச்சி மட்டும் இருந்திருந்தால், இரண்டாமவர் தனி நாடாகப் பிரிந்து போயிருப்பார். இரண்டு கிங்டம் இருந்தாலும் அதே கதி. சமமான பட்டம் வைத்திருப்பவர் இன்னொருவருக்குக் கீழே இருக்கமாட்டார் என்ற ஒரே விதி இரண்டுக்கும் காரணம்.

இந்த விதி விளங்கினால் தடுக்கும் வழிகளும் தானே தெரியும்.

ரெல்ம் பலகையில் சக்செஷன் பகுதியைத் திறந்தால், இன்றைக்கு ராஜா செத்தால் எந்தப் பட்டம் யாருக்கு என்று பட்டியல் போட்டுக் காட்டும். ஒரு மகன் பிறந்தாலோ ஒரு கவுண்டி கிடைத்தாலோ அதைத் திறந்து பாருங்கள். இரண்டு கிளிக்தான். இதைச் செய்யாமல் விடுவதுதான் மூன்றாக உடைந்த பல நாடுகளின் உண்மைக் காரணம்.

சொந்தமாக வைத்திருக்கும் கவுண்டிகள் முடிந்தவரை தலைநகர் டச்சிக்குள் இருக்கட்டும். அங்கே உள்ளவை மூத்தவரோடு சேர்ந்து நிற்கும் வாய்ப்பு அதிகம். காசைக் கொட்டிக் கட்டடம் கட்டுவதும் அங்கேதான். வெளி டச்சியில் பெரிய கட்டடம் கட்டுவது தம்பிக்குச் சீதனம் சேர்ப்பது மாதிரி.

இளையவர்களுக்கு உயிரோடு இருக்கும்போதே பங்கு கொடுத்துவிடலாம். தூரத்தில் ஒரு டச்சியைப் பிடித்து இரண்டாமவரிடம் கொடுத்தால் அது அவர் பங்காகக் கணக்கில் ஏறும். வீட்டு நிலத்தில் கை வைப்பது குறையும். கொடுத்த உடனே சக்செஷன் பட்டியலை மறுபடி பாருங்கள். நினைத்த மாதிரி மாறாவிட்டால் சேவுக்குத் திரும்புங்கள்.

வம்சத் தலைவராக இருந்தால் ரினவுன் செலவழித்து ஒரு பிள்ளையை டிஸின்ஹெரிட் பண்ணலாம், அதாவது வாரிசுரிமையிலிருந்து நீக்கலாம். ரினவுன் என்பது குடும்பம் முழுக்கச் சேர்த்த புகழ், அதில்தான் வம்ச லெகசிகளும் (வம்சம் முழுவதற்குமான நிரந்தரப் பலன்கள்) வாங்கவேண்டும். ஆகவே இது அவசரத்துக்கு மட்டும். சில மதங்களில் பிள்ளையைத் துறவறம் போகும்படி கேட்கலாம். போனால் வாரிசு வரிசையிலிருந்து பெயர் நீங்கும். இன்னும் எளிய வழி, பிள்ளைகளைக் குறைப்பது. இரண்டு ஆண்பிள்ளை வந்தபின் மனைவி இறந்துபோனால், அடுத்த திருமணத்துக்கு 45 வயது தாண்டிய, ஸ்டூவர்ட்ஷிப் (நிர்வாகத் திறமை) கூடிய பெண்ணைத் தேடுங்கள். பிள்ளை வராது, நிர்வாகம் நன்றாக வரும். கவுன்சிலில் மனைவிக்கென்று இருக்கும் இடத்தில் மேனேஜ் டொமைன் என்ற வேலையைக் கொடுத்தால் அவருடைய திறமை உங்கள் கணக்கில் சேரும்.

டச்சி, கிங்டம் பட்டங்களுக்குத் தேர்தல் சட்டம் ஒன்றைச் சேர்ப்பதும் பெயர்பெற்ற தந்திரம். எல்லாப் பட்டங்களிலும் ஒரே ஆளையே தெரிவு செய்தால் பட்டங்கள் பிரியாது. ஆனால் கவுண்டிகள் பழைய முறையிலேயே பிரியும். சிற்றரசர்களுக்கும் வாக்கு உண்டு என்பதால் அவர்கள் மனம் கோணினால் மாமன் மகன் ராஜாவாகிவிடுவார். சிறிய நாட்டில், வாக்காளர் இரண்டு மூன்று பேராக இருக்கும்போது மட்டும் இதை நம்புங்கள்.

படை: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்

போர் அறிவிக்கும் பலகையில் 4,000க்கு 3,000 என்று கண்டதும் வெற்றி என்று நினைப்பது முதல் படிப் பழக்கம். அந்த 4,000 எதனால் ஆனது என்பதுதான் கேள்வி.

லெவி என்பது ஊரில் பிடித்த ஆள். மென்-அட்-ஆர்ம்ஸ் சம்பளம் வாங்கும் படை. ஆர்மர்ட் ஃபுட்மென் ஒருவருக்கு லெவியைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு தாக்குதல். நைட் (முன்னின்று சண்டையிடும் தனிவீரர்) இன்னொரு கணக்கு: புரோவஸ் (தனிச் சண்டைத் திறமை) ஒன்றுக்கு 100 தாக்குதல், லெவி ஒருவருக்கு 10. புரோவஸ் 20 உள்ள ஒரே நைட், தாக்குதலில் 200 லெவிக்குச் சமன். ஆகவே அரண்மனைக்கு வரும் விருந்தாளிகளில் புரோவஸ் கூடியவரைக் கண்டால் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊர் பேர் தெரியாத ஆளாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆனால் நைட் சாவார். மிலிட்டரி பலகையில் நைட் பட்டியலைத் திறந்தால் உங்கள் மூத்த மகனும் அதில் இருப்பார். கேம் தானே சேர்த்துவிடும். அவர் பெயருக்குப் பக்கத்தில் ஃபொர்பிட் போடுங்கள். இதை மறந்து, ஆளாக்கிய வாரிசை யாரோ ஒரு கவுண்டியின் சேற்று வயலில் இழந்தவர்கள் உண்டு. மூன்றாவது மகனுக்கு ஃபொர்பிட் போடுவதா இல்லையா என்பதை உங்கள் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறோம்.

மென்-அட்-ஆர்ம்ஸ் வகைகளுக்குள் ஒன்றை ஒன்று முறிக்கும் கணக்கு உண்டு. ஸ்கர்மிஷர்கள் (இலகுரகக் காலாட்படை) ஹெவி இன்ஃபன்ட்ரியை (கனரகக் காலாட்படை) முறிப்பார்கள். ஹெவி இன்ஃபன்ட்ரி பைக்மெனை (ஈட்டிப்படை). பைக்மென் குதிரைப்படையை. குதிரைப்படை வில்லாளரை. வில்லாளர் ஸ்கர்மிஷர்களை. வளையம் சுற்றி வருகிறது பார்த்தீர்களா? எல்லாவற்றிலும் ஒன்றொன்று வாங்கி வைப்பதைவிட ஒரு வகையைப் பெரிதாக்கி, பக்கத்துப் பெரிய எதிரி வைத்திருப்பதை முறிக்கும் இரண்டாவது வகை ஒன்றைச் சேர்ப்பது மேல். காரணம் கட்டடம். புதிய பதிப்புகளில் ஒவ்வொரு ரெஜிமென்டையும் உங்கள் சொந்த ஹோல்டிங் ஒன்றில் நிறுத்தவேண்டும். அங்குள்ள கட்டடத்தின் பலம் அங்கே நிற்கும் ரெஜிமென்டுக்கு மட்டும்தான். ஸ்டேபிள்ஸ் கட்டிய இடத்தில் வில்லாளரை நிறுத்தினால் குதிரை லாயத்தில் வில் தொங்கவிட்ட கதைதான். எந்தக் கட்டடம் எந்த வகைக்கு என்று மவுஸை அதன் மேல் வைத்தால் காட்டும். ரெஜிமென்டை வாங்க முன்னரே பாருங்கள். தென்னாசியக் கலாசாரங்களில் எலிஃபன்ட்ரி இன்னோவேஷன் கிடைத்தால் போர் யானைகளும் உண்டு. விலை கூடியது, செலவும் கூடியது. ஆனால் எலிஃபன்ட் பென்ஸ் கட்டி அங்கே நிறுத்தினால் பக்கத்து நாட்டான் லெவியை நம்பி வரவேமாட்டான்.

மென்-அட்-ஆர்ம்ஸுக்கு சும்மா நிற்கும்போது ஒரு செலவு, படை கூட்டியபின் அதைவிடப் பெரிய செலவு. போர் அறிவிக்க முன்னர் ஒரு கணக்குப் போடுங்கள். இப்போது மாதம் 6 கோல்ட் மிச்சம், படை கூட்டியபின் மாதம் 9 நட்டம் என்று வைத்துக்கொள்வோம். போர் இரண்டு வருடம் இழுத்தால் 9 பெருக்கல் 24, அதாவது 216 கோல்ட். கையில் 250ஆவது இல்லாமல் தொடங்கவேண்டாம். கடன் விழுந்தால் படை பலம் குறையும், சிற்றரசர் மனமும் கெடும். கடல் தாண்டும் போருக்குக் கப்பல் காசு தனி.

மலை என்ன செய்யும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தரவேண்டுமா? கினிகத்தேனப் பக்கம் ஒரு வளைவில் கொள்கலன் லொறியும் பஸ்ஸும் எதிரெதிரே வந்தால், பின்னால் நூறு வாகனம் நின்றாலும் ஒன்றும் ஆகாது. முன்னால் நிற்பதுதான் கணக்கு. கேமில் இதற்குக் கொம்பட் விட்த் என்று பெயர். மலைப் பிரதேசத்தில் அது சுருங்கும். ஒரே நேரத்தில் முன்வரிசையில் நின்று சண்டையிடக்கூடிய ஆட்கள் குறைவு என்பதால் லெவிக் கூட்டம் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும்; நல்ல மென்-அட்-ஆர்ம்ஸும் நைட்டும் முன்னால் நின்று வெட்டுவார்கள். அதோடு, தடுத்து நிற்பவருக்கு மலை அட்வான்டேஜ் புள்ளியும் தரும். படை சிறியதாகவும் தரமாகவும் இருந்தால் எதிரி மலைக் கவுண்டிக்குள் வரும்வரை காத்திருங்கள்.

1638 மார்ச் 28 அன்று பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் நடந்தது இந்தப் பாடம்தான். கண்டியைக் கொளுத்திவிட்டுத் திரும்பிய போர்த்துக்கேயப் படையை இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் மலைப்பாதையில் மடக்கினார்கள். தப்பியவர்கள் மிகச் சிலர். கேமின் காலம் 1453இல் முடிந்துவிடுவதால் அந்தச் சண்டையை ஆட முடியாது. முறையை எடுத்துக்கொள்ளலாம்.

ஆற்றைக் கடந்து தாக்கினால் கழிவு. கப்பலிலிருந்து இறங்கிய கையோடு சண்டைக்கு நின்றால் இன்னும் பெரிய கழிவு. இறங்கியபின் எதிரி இல்லாத கவுண்டி ஒன்றில் அந்தக் குறி மறையும்வரை நில்லுங்கள். தளபதியின் மார்ஷியல் (போர்) திறமையும் அவருடைய நிலப்பரப்புக் குணங்களும் அட்வான்டேஜில் சேரும். கூட்டணியாரின் படையையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே கவுண்டியில் குவித்தால் சப்ளை முடிந்து ஆட்கள் சண்டையே இல்லாமல் சாவார்கள். நடக்கும்போது பிரித்து நடத்தி, அடிக்கும் நாளில் சேருங்கள்.

கோட்டை பிடிக்க ஒனேஜர் முதலிய முற்றுகைக் கருவி ரெஜிமென்ட் ஒன்றாவது வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கோட்டைக்கு வருடக்கணக்கில் நிற்பீர்கள்; அதற்குள் மேலே சொன்ன 216 கோல்ட் கரைந்துவிடும். எதிரி நாட்டு ராஜாவைச் சண்டையிலோ முற்றுகையிலோ பிடித்துவிட்டால் வார் ஸ்கோர் 100. அத்தோடு போர் முடிந்தது. தலைநகரைக் குறிவைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ராஜா கிழவராகிவிட்டார், நீண்டநாள் வைத்திருந்த கிளெயிம் ஒன்று இன்னும் பாவிக்கப்படவில்லை என்றால் இப்போதே போரை அறிவியுங்கள். பிரெஸ்ட் (வலுவான) கிளெயிம் பிள்ளைகளுக்கு அன்பிரெஸ்ட்டாக (வலுக்குறைந்ததாக) இறங்கும். அன்பிரெஸ்ட் ஆளோடு சுடுகாட்டுக்குப் போய்விடும். போர் முடிந்தபின் ஐந்து வருடம் ட்ரூஸ் (போர்நிறுத்தம்) என்பதையும் கணக்கில் எடுங்கள். அதை உடைத்தால் பெயர் கெடும்.

துண்டு வைத்திருப்பவன்

1921இல் ஒழியும்வரை தோட்டங்களில் துண்டு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் அந்தத் துண்டில் எழுதியிருக்கும். அதைத் தீர்க்காமல் ஆள் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாது. துண்டு யார் கையிலோ சொல் அவர் பக்கம். ஹூக் (ஒருவர் மேல் உங்களுக்கு உள்ள பிடி) என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரு சிற்றரசர் மேல் உங்களுக்கு பலமான (ஸ்ட்ரோங்) ஹூக் இருந்தால் அவர் உங்களுக்கு எதிரான ஃபெக்ஷனில் (கலகக் கூட்டில்) சேரமாட்டார். மற்றபடி மறுக்கும் திருமணத்துக்கும் சம்மதிப்பார். அவருடைய ஒப்பந்தத்தை மாற்றி வரியைக் கூட்டலாம். வீக் ஹூக் ஒருமுறை பாவித்தால் முடிந்தது. ஸ்ட்ரோங் ஹூக் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம்.

கிடைக்கும் வழி: ஸ்பைமாஸ்டரை (ஒற்றர் தலைவர்) ஃபைன்ட் சீக்ரெட்ஸ் (ரகசியம் தேடும்) வேலையில் வையுங்கள். முதலில் உங்கள் சொந்த அரண்மனையில். அங்கேதான் பெரிய சிற்றரசர்களின் கள்ளத்தொடர்பும் கொலையும் அகப்படும். ரகசியம் கிடைத்ததும் உடனே வெளியே போடாதீர்கள், பிளெக்மெயில் பண்ணுங்கள். குற்றமாகக் கருதப்படும் ரகசியத்துக்கு ஸ்ட்ரோங் ஹூக். ஸ்டூவர்ட்ஷிப் வாழ்க்கைமுறையில் அவரிஷியஸ் மரத்தில் கோல்டன் ஒப்ளிகேஷன்ஸ் என்ற பெர்க் (சிறப்புச் சலுகை) எடுத்தால் ஹூக்கைக் காசாக மாற்றலாம். போருக்குக் காசு தட்டுப்படும்போது அது கைகொடுக்கும். ஆனால் எல்லாத் துண்டையும் காசாக்கிவிட்டால் அடுத்து வரும் மகனுக்கு எதிராக ஃபெக்ஷன் கூடும்போது கையில் ஒன்றும் இருக்காது.

ஸ்பைமாஸ்டராக யாரை வைப்பது என்பதில் கவனம். இன்ட்ரீக் (சூழ்ச்சித் திறமை) கூடியவர் என்று பார்த்து உங்களை வெறுப்பவரை வைத்தால், வீட்டுச் சாவியைக் கள்ளனிடம் கொடுத்த மாதிரி. திறமை இரண்டு மூன்று புள்ளி குறைந்தாலும் உங்களை விரும்பும் ஆளே நல்லது. பலமுறை மனைவியோ தாயோ சரியான ஆளாக இருப்பார்கள்.

அந்த நாள்

ராஜா போய்விட்டார். திரை கறுத்து, புதியவர் முகம் வந்ததும் ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள். இனி அரை மணி நேரம் வேலை, நாள் நகராமல்.

டொமைன் (சொந்தமாக வைத்திருக்கும் நிலம்) எண்ணிக்கையைப் பாருங்கள். அப்பாவின் ஸ்டூவர்ட்ஷிப் மகனிடம் இருக்காது. அதனால் எல்லை ஒன்றிரண்டு குறைந்திருக்கும். எல்லை மீறினால் வரியும் லெவியும் குறையும். மோசமான கவுண்டியை யாருக்காவது கொடுங்கள். கொடுப்பது எப்படியும் நட்டமில்லை, வாங்கியவர் உங்களை விரும்புவார்.

அடுத்தது கவுன்சில். பவர்ஃபுல் வஸல் என்ற குறி உள்ளவர்கள் கவுன்சிலில் இடம் எதிர்பார்ப்பார்கள். கிடைக்காவிட்டால் மனத்தாங்கல் பெரிது. அப்பா காலத்தில் அவர்கள் பயந்து இருந்திருப்பார்கள், மகனைப் பார்த்துப் பயமில்லை. திறமை சுமாரானாலும் ஒருவருக்கு இடம் கொடுங்கள்.

பின் கூட்டணிகள். கூட்டணி ஆட்களுக்கிடையில்தான், நாடுகளுக்கிடையில் இல்லை. அப்பாவின் சம்பந்தி இப்போது உங்களுக்குச் சம்பந்தி இல்லாமல் போயிருக்கலாம். புதியவரின் பிள்ளைகளையோ தங்கைமாரையோ வைத்து, இரண்டு பக்கம் பாருங்கள். ஒன்று வெளியே பலமான ராஜா. மற்றது உள்ளேயே பலமான சிற்றரசர். கூட்டணி வைத்த சிற்றரசர் ஃபெக்ஷனில் சேரமாட்டார். நாட்டில் மிகப் பெரிய சிற்றரசரின் மகளை வாரிசுக்குக் கட்டிவைப்பது தூரத்து இளவரசியைவிடப் பிரயோசனம் என்பது எங்கள் கருத்து.

ஃபெக்ஷன் பலகையைத் திறந்து அவர்களின் படைபலம் எவ்வளவு, டிஸ்கன்டென்ட் (அதிருப்தி) எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அது நிறைந்ததும் இறுதி எச்சரிக்கை வரும். அதற்குள் ஒரே ஒருவரை உருவினால் பல ஃபெக்ஷன்கள் பலமிழந்து நின்றுவிடும். யாரை உருவுவது? படை அதிகம் உள்ளவரை. வழி: காசு பரிசு, ஸ்வே (மனம் கவரும்) திட்டம், ஹூக், திருமணம். காசு உடனே வேலை செய்யும், ஸ்வே மாதக்கணக்கில். கிழ ராஜா உயிரோடு இருக்கும்போதே பெட்டியில் காசு விட்டுவைக்கவேண்டும் என்பது இதற்காகத்தான். கடைசி மூன்று நான்கு வருடம் புதுக் கட்டடம் தொடங்கவேண்டாம்.

அன்பால் முடியாவிட்டால் பயம். டிரெட் 0 முதல் 100 வரை. பயந்த சிற்றரசர் ஃபெக்ஷனில் சேரமாட்டார். துணிச்சல் கூடியவருக்குக் கூடுதல் டிரெட் வேண்டும். அப்பாவின் சிறை மகனுக்கு அப்படியே வரும். ஆகவே கிழவர் காலத்தில் பிடித்த கலகக்காரர்களை உடனே கொல்லாமலும் காசுக்கு விடாமலும் சிலரை வைத்திருங்கள். புதியவர் முதல் வாரத்தில் கொன்றால் டிரெட் ஏறும். கொல்ல நியாயமான காரணம் இல்லாதவரைக் கொன்றால் டிரனி (கொடுங்கோன்மை) ஏறி எல்லோரும் வெறுப்பார்கள். பொத்தானில் மவுஸை வைத்தால் அதுவும் காட்டும். புதியவர் கம்பேஷனேட் (இரக்க) குணம் உள்ளவராக இருந்தால் இந்த வழியே வேண்டாம். ஒவ்வொரு தலைக்கும் ஸ்ட்ரெஸ் ஏறும்.

ஸ்ட்ரெஸ் பற்றி நீட்டத் தேவையில்லை. 100, 200, 300 என்ற மூன்று படியிலும் ஆள் மனம் உடைவார். குடி, தனிமை, பெருந்தீனி என்று ஒரு பழக்கம் ஒட்டும், உடல்நலமும் குறையும். குணத்துக்கு எதிரான தெரிவுதான் முக்கிய காரணம். கிரீடி (பேராசை) ஆளைக் கொண்டு பரிசு கொடுக்க வைத்தால் ஏறும். விருந்தும் வேட்டையும் குறைக்கும். ஆகவே ஃபெக்ஷன் நேரத்தில் ஒரு விருந்து இரண்டு வேலை செய்யும்: சிற்றரசர் மனமும் குளிரும், ராஜாவின் தலையும் ஆறும். லேர்னிங் வாழ்க்கைமுறையில் ஹோல் ஒஃப் பொடி மரம் உடல்நலத்துக்கும் ஸ்ட்ரெஸுக்கும் நல்லது. இளமையில் ஸ்டூவர்ட்ஷிப், ஐம்பதுக்குப் பின் லேர்னிங் என்பது பொதுவாகச் சரிவரும்.

புதிதாகப் பிடித்த கவுண்டிகளில் கன்ட்ரோல் குறைவாக இருக்கும்; அது 100 ஆகும்வரை வரியும் லெவியும் சரியாக வராது. மார்ஷலை இன்க்ரீஸ் கன்ட்ரோல் வேலையில் ஒரு நேரத்துக்கு ஒரு கவுண்டியில் வையுங்கள். முடிந்ததும் அவர் தானாக அடுத்ததற்குப் போகமாட்டார். அறிவித்தல் வரும், அதைப் பார்க்காமல் தள்ளிவிட்டால் பத்து வருடம் அதே இடத்தில் நிற்பார்.

பழகிப் பார்க்க நல்ல இடம் நம் தீவுதான். வரைபடத்தில் இலங்கை உண்டு. கேமின் இன்னொரு தொடக்க ஆண்டான 1066இல், வரலாற்றின்படி, வடக்கு சோழர் கையில் இருந்தது. உறுகுணையில் இருந்து எழுந்த முதலாம் விஜயபாகு 1070இல் பொலன்னறுவையைப் பிடித்தார். தீவின் ஓர் ஆட்சியாளரைத் தெரிந்து, தலைநகர் டச்சிக்குள் கவுண்டிகளைச் சேர்த்து, ஒரு ரெஜிமென்ட் வகையை மட்டும் வளர்த்து, வெளியே பெரிய போருக்குப் போகாமல் முதல் மரணம்வரை ஓடவிடுங்கள். அந்தக் கையால் போட்ட சேவிலிருந்து மூன்று முறை: ஒன்றில் எதுவும் செய்யாமல், ஒன்றில் இளையவருக்கு முன்கூட்டியே நிலம் கொடுத்து, ஒன்றில் பெட்டியில் 300 கோல்டும் சிறையில் நாலு பேரும் வைத்து. மூன்றிலும் புதிய ராஜாவின் ஐந்தாவது வருடத்தில் மாத வருமானத்தையும் ஃபெக்ஷன் எண்ணிக்கையையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். 867 ஆட்டத்தைத் தொடங்குவது அதற்குப் பிறகு.